காந்தத்தில் மிதக்கும் பழைய டர்ன்டேபிள்: இடைவெளி குறைந்தால் காந்தம் கிழடாகிவிட்டது என்று பொருளா?

அல்சூர்_மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா பாரிஸில் வேலை பார்த்தபோது 1987இல் வாங்கிய டர்ன்டேபிள் (இசைத்தட்டு இயக்கும் கருவி) சென்ற ஆண்டு என் கைக்கு வந்து சேர்ந்தது. அது பெயர்த்தகடு இல்லாத, ஒரு சிறு பட்டறையின் கைவேலை. கருங்கல் பீடம், 14 கிலோ எடையுள்ள அலுமினிய பிளாட்டர் (ரெக்கார்டு வைக்கும் சுழல்தட்டு), தனியே நிற்கும் மோட்டார், பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு நூல். பிளாட்டரின் அடிப்பக்கத்தில் ஒரு ஃபெரைட் காந்த வளையமும் பீடத்தின் மேல் இன்னொன்றும் ஒத்த முனைகள் எதிரெதிராக அமைந்திருப்பதால், பிளாட்டர் எதன்மீதும் அமராமல் மிதக்கிறது. முதன்முறை பார்த்தபோது, அம்மிக்கல் அளவுக்குக் கனமான ஒரு பொருள் விரலால் தொட்டவுடன் நழுவிச் சுழல்வதைக் கண்டு என் அம்மா இரண்டடி பின்னால் போனார்.

மாமா வரைபடக் கலைஞர். எதையும் குறித்து வைக்கும் பழக்கம் உடையவர். அவருடைய குறிப்பேட்டில் “ஜனவரி 1988, அறை 16 டிகிரி, இடைவெளி 9.0 மி.மீ.” என்று எழுதியிருக்கிறார். இப்போது நான் அளந்தால் 6 மி.மீ. மட்டுமே வருகிறது. அத்துடன், ஆலாபனை தொடங்கும் முன்னர் வரும் அமைதியில் அடியாழத்திலிருந்து ஓர் உறுமல் கேட்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் காந்தங்கள் வலுவிழந்துவிட்டன என்று நினைக்கிறேன். அவற்றைக் கழற்றிவிட்டு நியோடிமியம் வளையங்களைப் பொருத்தலாமா? இங்கே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் விசாரித்தேன், இந்த அளவில் வரவழைத்துத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

நியோ_52 எழுதியது:

தயங்காமல் மாற்றுங்கள். ஃபெரைட்டோடு ஒப்பிட்டால் நியோடிமியத்தின் வலு பல மடங்கு. இடைவெளி 15 மி.மீ.க்குப் போனாலும் வியப்பதற்கில்லை. எவ்வளவு உயரத்தில் மிதக்கிறதோ அவ்வளவு தூரம் தரையின் அதிர்விலிருந்து விலகி நிற்கும் என்பதே என் கருத்து.

ரசமட்டம் எழுதியது:

தம்பி அல்சூர், எதையும் கழற்ற வேண்டாம்; முதலில் இதைப் படித்துவிடுங்கள். நான் ஜாலஹள்ளியில் முப்பது ஆண்டுகள் அளவியல் பிரிவில் இருந்தவன். அளவு மாறியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், பொருள் மாறியதா, அளந்த முறை மாறியதா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும்.

ஃபெரைட் காந்தம் வயதாவதால் வலுவிழப்பதில்லை. அதன் காந்தத்தன்மையைக் கலைக்க வேண்டுமானால் ஏறத்தாழ 450 டிகிரி வரை சூடாக்க வேண்டும், அல்லது மிக வலுவான எதிர்ப்புலத்தில் வைக்க வேண்டும். அல்நிக்கோ காந்தங்களை இப்படி எதிரெதிராக வைத்திருந்தால் ஒன்றை ஒன்று கெடுத்திருக்கும், ஃபெரைட் அப்படிப்பட்டதன்று. அது அஞ்ச வேண்டியது கடுங்குளிருக்கு, ஏனெனில் மற்ற பல காந்தங்களுக்கு மாறாக, எதிர்ப்புலத்தைத் தாங்கும் அதன் திறன் குளிரில்தான் குறையும். பாரிஸ் குளிரைத் தாங்கிய காந்தத்தைப் பெங்களூரு ஒன்றும் செய்துவிடாது.

அடுத்து, “காந்தத் தொங்கல்” என்று நாம் எல்லோரும் ஒரே பெயரில் அழைப்பது ஒரே பொருளன்று. பிரான்சின் வெர்டியே டர்ன்டேபிளில் பிளாட்டரின் எடையைக் காந்த விலக்கமே சுமக்கிறது. அமெரிக்காவின் ஸ்டாண்டன் கைரோபாய்ஸ் அதற்கும் முன்பே அவ்வழியில் வந்தது. ப்ரோஜெக்டின் சில மாடல்களில் காந்தம் எடையில் ஒரு பங்கை மட்டும் தாங்கி, மீதியைப் பேரிங்கின் (நடு அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பகுதி) குண்டுக்கு விட்டுவிடுகிறது. வேறு சிலவற்றில் பிளாட்டரை விட்டுவிட்டு, பீடத்தின் கால்களையே காந்தத்தின் மேல் நிறுத்துகிறார்கள். இந்த மூன்றுக்கும் பயன் வேறு, பராமரிப்பு வேறு.

உங்களுடையது முதல் வகை. அதில் காந்தம் செய்யும் வேலை தரையின் அதிர்வைத் தடுப்பதன்று. டோன் ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது கருங்கல் பீடத்தில் நிற்கிறது. பிளாட்டர் மட்டுமே மிதக்கிறது. பீடம் ஆடினால் ஆர்மும் உடனே ஆடும், பிளாட்டர் தனக்கான தாளத்தில் ஆடும். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதையும் ஊசி இசையாகவே எடுத்துக்கொள்ளும். ஆகையால் நியோ நண்பர் சொல்வது இங்கே பொருந்தாது. பேரிங்கின் அடியில் 14 கிலோவையும் ஒரே புள்ளியில் சுமந்து, உரசி, ஒலியெழுப்பும் குண்டை நீக்கிவிடுவதற்காகவே இந்தக் காந்தங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. நிலைக்காந்தங்களை மட்டும் வைத்து எந்தப் பொருளையும் எல்லாத் திசையிலும் நிலையாக மிதக்கவைக்க முடியாது என்று எர்ன்ஷா 1842இலேயே நிறுவிவிட்டார். மேல்கீழாகக் காந்தம் தாங்கினால், பக்கவாட்டில் அதே காந்தம் தள்ளிவிடப் பார்க்கும். அந்தத் தள்ளலைத் தாங்குவது ஸ்பிண்டில் என்னும் நடு அச்சும், அது சுழலும் குழாயான புஷ்ஷும்தான். வளையங்கள் சற்றே கோணினாலும் அந்தப் பக்கவாட்டு விசை கூடி, ஸ்பிண்டிலைப் புஷ்ஷின் ஒரு பக்கமாக அழுத்தும். உங்கள் உறுமல் அங்கிருந்து வருவதாக எனக்கு ஐயம்.

எனவே இரண்டு வேலைகள் செய்யுங்கள். இடைவெளியை ஓரிடத்தில் மட்டும் அளக்காமல், 120 டிகிரி விலக்கி மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள். பிறகு பிளாட்டரை அரைச்சுற்றுத் திருப்பி, அதே மூன்று இடங்களில் மறுபடி அளக்க வேண்டும். வேறுபாடு பிளாட்டரோடு சேர்ந்து சுற்றினால் குறை மேல்வளையத்தில். அறையின் அதே திசையில் நின்றால் கீழ்வளையத்தில். அளப்பதற்கு இரும்பு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வேண்டாம், காந்தம் இழுத்து உங்களை ஏமாற்றும். பழைய விசிட்டிங் கார்டுகளை அடுக்கி மைக்ரோமீட்டரில் அளந்துகொள்வது போதுமானது. இரண்டாவதாக, 1 கிலோ எடைக்கல்லைப் பிளாட்டரின் நடுவில் வைத்தால் இடைவெளி எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். மளிகைக் கடையின் இரும்புக் கல் வேண்டாம். பித்தளைக் கல் இல்லையென்றால் ஒரு கிலோ அரிசிப் பொட்டலமே நல்லது.

பிளாட்டரின் மேல் மாமா காலத்தில் இல்லாதது ஏதேனும் இப்போது இருக்கிறதா?

மாதுங்கா_மழை எழுதியது:

மும்பையிலிருந்து ஒரு சொல். நியோடிமியத்தில் இரும்பு பெரும்பங்கு. நிக்கல் பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் உள்ளே துருப்பிடித்துப் பொடியாகும். நான் செய்த ஒரு கருவியில் இரண்டு மழைக்காலத்துக்குள் அப்படியாகி, அந்தப் பொடி பேரிங் வரை போனது. ஃபெரைட் ஏற்கெனவே ஆக்சைடு என்பதால் அதற்குத் துரு என்ற பேச்சே இல்லை. பெங்களூரின் காற்று எங்கள் காற்றைப் போல ஈரமானதன்று என்றாலும், இருப்பதை விட்டுவிட்டு இந்தத் தொல்லையை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

அல்சூர்_மாடிவீடு எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டபடி அளந்துவிட்டேன். அறை வெப்பம் 28 டிகிரி. சன்னல் பக்கம் 6.0, சமையலறைப் பக்கம் 7.5, சுவர்ப் பக்கம் 7.7 மி.மீ. பிளாட்டரைத் திருப்பி அளந்தபோதும் சன்னல் பக்கமே குறைவாக இருந்தது. அதாவது வேறுபாடு பிளாட்டரோடு சுற்றவில்லை. முதலில் நான் அளந்ததும் சன்னல் பக்கம்தான், ஏனெனில் வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். ஒரு கிலோ அரிசிக்கு இடைவெளி ஏறத்தாழ 0.5 மி.மீ. குறைந்தது.

மேலே புதிதாக ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டீர்கள். சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது. ஒலி இன்னும் “கனமாக” வரும் என்று நம்பி 2.2 கிலோ செப்புத் தட்டு ஒன்றை ரெக்கார்டுக்கு அடியில் மேட் (விரிப்பு) போலப் போட்டிருந்தேன். ரெக்கார்டை அழுத்த 600 கிராமில் ஒரு கிளாம்ப்பும் உண்டு. அளக்கும்போது இரண்டும் மேலேதான் இருந்தன.

ரசமட்டம் எழுதியது:

கூச்சம் எதற்கு? கணக்குப் போட உங்களால் வசதியாயிற்று.

ஒரு கிலோவுக்கு 0.5 மி.மீ. என்றால், இந்தக் காந்தங்களின் விலக்கு விசை, இடைவெளி 8 அல்லது 9 மி.மீ. கூடும்போது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமாக மட்டுமே மிஞ்சும் இயல்புடையது என்று கொள்ளலாம். அந்த இயல்பின்படி, 14 கிலோ 16.8 கிலோவாக ஆனதற்கு இடைவெளி ஏறத்தாழ 1.5 மி.மீ. குறைய வேண்டும். அடுத்தது வெப்பம். ஃபெரைட் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 விழுக்காடு வலுவிழக்கும், குளிர்ந்தால் அதைத் திரும்பப் பெறும். 16க்கும் 28க்கும் இடையில் 12 டிகிரி. விலக்கு விசையில் இரண்டு காந்தங்களும் பங்கு கொள்வதால் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்து, அதற்கு 0.4 மி.மீ. போகிறது. ஒன்பதிலிருந்து இவ்விரண்டையும் கழித்தால் 7.1 மி.மீ. வருகிறது. உங்கள் மூன்று அளவுகளின் சராசரியும் 7.1தான்.

ஆக, உங்கள் காந்தங்கள் 1988இல் இருந்தபடியே இருக்கின்றன. “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பார்கள். இங்கே உண்மையாகவே கூடம்தான் கோணல். கீழ்வளையம் சன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

செப்புத் தட்டு விரும்பிகளுக்காக இன்னும் ஒன்று. எஃகுச் சுருள்வில்லின் மேல் எடை கூட்டினால் அதன் இயல்பதிர்வு (தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம்) குறையும். எல்லோரும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு காந்தத்துக்கும் அதே கணக்கைப் போடுகிறார்கள். காந்தம் அழுத்த அழுத்த விறைப்பாகும் வில். நீங்கள் ஏற்றும் எடைக்குச் சமமாக விறைப்பும் ஏறுவதால் இயல்பதிர்வு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். உங்கள் இயந்திரத்தில் அது நொடிக்கு ஐந்தரை அதிர்வுக்கு அருகில் இருக்கும். எடை ஏற்றினாலும் இறக்கினாலும் பெரிய மாற்றம் இராது. நியோ நண்பருக்கும் இதே விடைதான். அதே வடிவத்தில் வலுவான வளையங்களைப் பொருத்தினால் பிளாட்டர் உயர்ந்து நிற்குமே தவிர, மென்மையாகத் தாங்கப்படாது. கூடுதலாகக் கிடைப்பது ஊசியருகே ஒழுகும் காந்தப்புலம் மட்டும்தான்.

நியோ_52 எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. உயரம் கூடினால் வில்லும் மென்மையாகும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒழுகும் புலத்தைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டுமா? பிளாட்டர் அத்தனை தடிமனாக இருக்கிறதே.

கரோல்பாக்_ஊசி எழுதியது:

தில்லியிலிருந்து இதற்குப் பதில் சொல்கிறேன், ஏனெனில் எனக்கு அடிபட்ட இடம் இதுதான். கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைத் தாங்கி ஒலியை மின்னாக்கும் பகுதி; அதில் மூவிங் காயில் என்ற வகையின் உள்ளே வலுவான காந்தம் இருக்கிறது. தோரன்ஸ் டி.டி. 124 டர்ன்டேபிளின் வார்ப்பிரும்புத் தட்டு இத்தகைய கார்ட்ரிட்ஜை இழுத்து, ஊசி அழுத்தத்தைக் கூட்டிவிடும் என்பது பழைய ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. மிதக்கும் பிளாட்டரில் இரும்பு இல்லை. ஆனால் அடியில் இரண்டு காந்தங்கள் உண்டு. அலுமினியமும் செம்பும் நிலையான காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை, எத்தனை தடிமனாக இருந்தாலும். வளையங்கள் நடுவில் இருப்பதால், ரெக்கார்டின் வெளிவட்டத்தில் ஒரு புலமும் லேபிள் அருகே வேறொரு புலமும் இருக்கும்.

என்னிடம் இருப்பது டெனான் டி.எல். 103 கார்ட்ரிட்ஜ், அதற்குரிய அழுத்தம் 2.5 கிராம். வெளிவட்டத்தில் சரியாக வைத்துவிட்டு, உள்வட்டத்தில் பார்த்தபோது 2.7 காட்டியது. ஆனால் அந்த அளவையும் நான் முதலில் நம்பிவிட்டேன் என்பதுதான் வெட்கம். மலிவான டிஜிட்டல் ஊசித்தராசின் உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் கார்ட்ரிட்ஜ் அதைத் தானே இழுத்துக்கொண்டு பொய் எடை காட்டும். தராசை மேசைமேல் தனியே வைத்து, கார்ட்ரிட்ஜை மெல்ல அதனருகே கொண்டுபோய், ஊசி படும் முன்பே எண் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளையோ அலுமினியமோ கொண்டு செய்த நெம்புகோல் தராசு வாங்குங்கள். அளக்கும்போது ஊசி ரெக்கார்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் மேலே வைத்து அளந்தால் புலமும் வேறு, விடையும் வேறு.

தக்கை மேட் 5 மி.மீ. தடிமனில் போட்டபின், உள்வட்டத்தின் வேறுபாடு பாதிக்கும் கீழே வந்தது. கனமான செம்பைவிட இலேசான தக்கை இங்கே பயன்பட்டது.

பீன்யா_லேத் எழுதியது:

அண்ணா, கழற்றும்போது கவனிக்க வேண்டியதை எழுதிவிடுகிறேன். இதுபோன்ற இரண்டு இயந்திரங்களை எங்கள் பட்டறையில் திறந்திருக்கிறோம்.

பிளாட்டரை ஒருவராகத் தூக்க வேண்டாம். காந்தம் கீழிருந்து தள்ளுவதால் முதலில் இலேசாகத்தான் இருக்கும். ஒரு கையகலம் மேலே வந்தவுடன் அந்த உதவி நின்றுபோய் 14 கிலோவும் மணிக்கட்டில் விழும். அப்போது கை சாய்ந்தால் புஷ்ஷில் கோடு விழுந்துவிடும். எதிரெதிராக இருவர் நின்று நேராகத் தூக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர் அந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது.

ஃபெரைட் பீங்கான் போன்றது. ஸ்பானர் ஒன்று பறந்து வந்து அடித்தால் விளிம்பு சிதறும். இரும்புக் கருவிகளை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். வளையத்தில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைத் துணியால் துடைத்தால் போகாது. ஒட்டும் டேப்பை அழுத்தி எடுங்கள், அல்லது கொழுக்கட்டை மாவு பதத்துக்குப் பிசைந்த களிமண்ணால் ஒற்றி எடுங்கள்.

மேலும், ஏதேனும் செய்யவேண்டி லேத் பட்டறைக்குப் போனால் பித்தளை அல்லது அலுமினியம் என்று அழுத்திச் சொல்லுங்கள். “ஸ்டெயின்லெஸ்தான், காந்தம் பிடிக்காது” என்று கொடுப்பார்கள்; 304 வகை கூட வளைத்து அடித்த இடத்தில் இலேசாகப் பிடிக்கும்.

அல்சூர்_மாடிவீடு எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். மைத்துனர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக நின்று பிளாட்டரைத் தூக்கினோம். கீழ்வளையம் கருங்கல்லில் நேராக ஒட்டப்படவில்லை. இடையில் வெட்டிவைத்த மெல்லிய ரப்பர் மெத்தை ஒன்று இருந்தது. பேரிங் குழியிலிருந்து வழிந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் சன்னல் பக்கமாகக் கசிந்து, அந்தப் பக்க ரப்பர் மட்டும் ஊறிப் பருத்து, பழைய பசையை விட்டு எழும்பியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மாமா சர்வீசுக்குக் கொடுத்தபோது யாரோ எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றியிருக்க வேண்டும். அதில் நூல்போல் ஒட்டும் கிரீஸும் கலந்திருந்தது. புஷ்ஷிலிருந்து வந்த எண்ணெய் கறுப்பாக இருந்தது. விளக்கு வைத்துப் பார்த்தால் புஷ்ஷின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல் பளபளக்கிறது.

ஐயா சொன்ன ஒருபக்க அழுத்தம் என்பது கண்ணுக்கே தெரிகிறது. புஷ்ஷை மாற்ற வேண்டுமா?

ரசமட்டம் எழுதியது:

பளபளப்பு வேறு, தேய்மானம் வேறு. நூல் இல்லாமல் பிளாட்டரை விளிம்பில் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள்; கையில் “டக்” என்று தட்டுவது உணரப்படாவிட்டால் புஷ்ஷைத் தொட வேண்டாம். எண்பதுகளில் அந்த ஸ்பிண்டிலோடு சேர்த்து இழைத்துப் பொருத்திய புஷ்ஷுக்கு நிகராக இன்று ஒன்றைச் செய்வது எளிதன்று. கோணலை எடுத்துவிட்டால் அழுத்தமும் போய்விடும்.

ஊறிய ரப்பரை முழுவதும் எடுத்துவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் கல்லையும் வளையத்தையும் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். கருங்கல் எண்ணெயைக் குடிக்கும். ஒரு முறை துடைத்தால் போதாது, மறுநாள் மறுபடி வியர்க்கும். பிறகு அரால்டைட் போட்டு ஒட்டுங்கள், ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், இரவு முழுவதும் எடுத்துக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். ரப்பரின் தடிமனுக்குச் சமமான மூன்று பித்தளைத் தகடுகளை 120 டிகிரி விலக்கி அடியில் வைத்துவிட்டால் உயரமும் பழையபடி நிற்கும், கோணலும் வராது. பேரிங் தம்பி அந்தத் தகடுகளை வெட்டித் தருவார்.

எண்ணெயைப் பற்றி. இந்தப் பேரிங்கில் அடிக்குண்டின் சுமை இல்லாததால் கெட்டியான எண்ணெய்க்கு வேலையே இல்லை. பக்கவாட்டுப் படலத்துக்கு மட்டும் போதும். டிடர்ஜென்ட் (அழுக்கு நீக்கும்) சேர்மானங்கள் இல்லாத, மெல்லிய, தூய கனிம எண்ணெய் போடுங்கள். என்ஜின் ஆயில் வேண்டாம். சொட்டு எண்ணி ஊற்றி, ஸ்பிண்டிலை இறக்கும்போது விளிம்பில் மெல்லிய வளையம் தெரியும் அளவோடு நிறுத்துங்கள்.

முக்கியமானது: இறக்கியவுடன் இடைவெளியை அளக்காதீர்கள். குழிக்குள் சிக்கிய காற்றும் எண்ணெயும் பிளாட்டரைத் தூக்கிப் பிடித்திருக்கும். நான் ஒருமுறை இப்படி அளந்து, காந்தம் இளமையாகிவிட்டது என்று ஓர் இரவு மகிழ்ந்திருந்தேன். மறுநாள் காலை அளவுதான் அளவு.

பீன்யா_லேத் எழுதியது:

ஐயா என்னைப் பேரிங் தம்பி என்கிறார். பேரிங்_அல்ல_பீன்யா என்று என் பெயரை மாற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தகடுகள் தயார், அண்ணா. பணம் வேண்டாம்; ஒரு நாள் மாலை ரெக்கார்டு கேட்க வருகிறேன்.

சிக்பேட்டை_நூல் எழுதியது:

காந்தத்தைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். உறுமலில் பாதி நூலிலிருந்து வருகிறது என்பதை யாரும் கேட்கவில்லை. இப்போது அந்த இயந்திரத்தில் என்ன நூல் இருக்கிறது?

கனமான பிளாட்டருக்கு நூல் பொருந்துவதன் காரணம், அது சற்று வழுக்கும். மோட்டாரின் சிறு துடிப்புகள் அந்த வழுக்கலில் கரைந்துவிட, பிளாட்டர் தன் எடையின் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இழுத்துக் கட்டினால் மோட்டாரின் துடிப்பு முழுவதும் பிளாட்டருக்குப் போகும்; போதாததற்கு ஸ்பிண்டிலை மோட்டார் பக்கமாக இழுத்து, ஐயா நேராக்கிய புஷ்ஷை மறுபடி ஒரு பக்கமாகத் தேய்க்கும். சுழலும் பிளாட்டரை விரலால் இலேசாகத் தடுத்தால் நூல் வழுக்க வேண்டும், மோட்டார் முனகக் கூடாது. அந்த அளவே சரியான இழுவை.

மீன்பிடி நைலான் நீண்டுகொண்டே போகும். பருத்தி பஞ்சு விடும், மழைநாளில் சுருங்கும். நான் பத்து ஆண்டுகளாகச் சேலைக் கடைத் தெருவில் கிடைக்கும் முறுக்கேறிய பட்டு இழையைத்தான் பயன்படுத்துகிறேன். கால் அங்குல ஒலிநாடாவை ஒட்டி வளையமாக்கியும் பார்த்திருக்கிறேன், நன்றாகவே ஓடியது, ஆனால் மோட்டாரின் புல்லி (நூல் ஓடும் சிறு சக்கரம்) தட்டையாக இருக்க வேண்டும். முடிச்சு பெரிதாக இருந்தால் புல்லியைக் கடக்கும்போதெல்லாம் “டிக்” என்று கேட்கும். பூத் தொடுப்பவர்கள் போடுவதுபோல இருமுனைகளையும் எதிரெதிராகச் செலுத்தி இறுக்கி, ஒரு சொட்டு பசை வைத்து, மிச்சத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

நூலின் தடிமன் வேகத்தை மாற்றும். 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 250 சுற்று ஓடும் சிங்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கேற்ற வேகத்தில் ஓடுவது), 300 மி.மீ. பிளாட்டர், 40 மி.மீ. புல்லி என்று வைத்துக்கொண்டால், கணக்கில் 33⅓ சுற்று சரியாக வரும். அதில் 0.2 மி.மீ. நூலைப் போட்டால் புல்லியின் பயன்படு விட்டம் 40.2 ஆகி, வேகம் 0.43 விழுக்காடு கூடிவிடும். அரைச்சுரத்தில் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்கு. ரெக்கார்டை மட்டும் கேட்பவருக்கு அது தெரியாது. ரெக்கார்டோடு சேர்ந்து தம்பூரா மீட்டிப் பழகும் என் மனைவிக்கு உடனே தெரிந்துவிட்டது. அடுத்த அரை மணிக்குள் மெல்லிய நூலைத் தேடி நான் தெருவில் இருந்தேன்.

அல்சூர்_மாடிவீடு எழுதியது:

இருந்தது தையல் மெஷின் நூல், இருமடங்காக முறுக்கியது, இழுத்துத்தான் கட்டியிருந்தேன். பட்டுக்கு மாறுகிறேன். மின்சாரத்தின் அதிர்வெண் ஏறி இறங்குவதால் வேகம் மாறும் என்று சொல்லி, மோட்டாருக்குத் தனிப் பவர் சப்ளை செய்யச் சொல்கிறார் ஒருவர். அது தேவையா?

கரோல்பாக்_ஊசி எழுதியது:

அதிர்வெண்ணுக்காக என்றால் தேவையில்லை. நம் நாட்டு மின்தொகுப்பு விதிகள் அனுமதிக்கும் எல்லை 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை. கீழெல்லையிலும் வேகம் 0.2 விழுக்காடுதான் குறையும். சிக்பேட்டை நண்பரின் நூல் செய்யும் மாற்றம் அதைவிடப் பெரிது.

ஆனால் வேறு இரண்டு காரணங்களுக்காக நான் செய்தேன். மின்வெட்டு வந்து வீட்டு இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும்போது, அது தூய சைன் அலை தராத வகையாக இருந்தால் மோட்டார் வண்டுபோல் இரையும். இரண்டாவது, இந்த மோட்டாரில் இரண்டு சுருள்கள் உண்டு. இரண்டாவது சுருளுக்கு மின்னோட்டத்தைத் தள்ளிக் கொடுப்பது ஒரு கண்டென்சர். அது வயதாகித் தன் மதிப்பை இழக்கும். காந்தத்தின்மேல் போட்ட பழியை இதன்மேல் போட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் இரண்டு சைன் அலைகளை உருவாக்கி, சிறு ஆம்ப்ளிஃபையர் வழியாக, தலைகீழாக இணைத்த டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றிக் கொடுத்தால் சுருள்களுக்கு இடையிலான கோணத்தை அதிர்வு குறையும்வரை சரிசெய்யலாம். ஓடத் தொடங்கியபின் வோல்ட்டேஜையும் குறைத்துவிடலாம். அந்த டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனையில் 230 வோல்ட் இருக்கும் என்பதால் பழக்கமில்லாதவர் தொட வேண்டாம். முதலில் கண்டென்சரை மட்டும் அதே மதிப்பில் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்துவிடும்.

வேகத்தைப் பார்க்க ஸ்ட்ரோப் தட்டு (துடிக்கும் விளக்கின் கீழே கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி என்று காட்டுவது) வாங்கினால், 50 ஹெர்ட்ஸுக்கு 33⅓ சுற்றில் 180 கோடுகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 216 கோடுகள் உள்ளது 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது. இப்போதைய நல்ல எல்.இ.டி. விளக்குகள் துடிக்காததால் அவற்றின் கீழே கோடுகள் நிற்கவே மாட்டா. என் நண்பர் ஒருவர் இதனால் மோட்டாரையே மாற்றிவிட்டார்.

மாதுங்கா_மழை எழுதியது:

அல்சூர் நண்பரே, நீங்கள் மாடிவீடு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். தளம் என்ன வகை?

அல்சூர்_மாடிவீடு எழுதியது:

மர உத்தரத்தின்மேல் செங்கல் பாவிய பழைய மெட்ராஸ் ஒட்டுத் தளம். தெருவில் தண்ணீர் லாரி போனால் அலமாரிக் கண்ணாடி சிலிர்க்கும். பிளாட்டரின்மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துப் பார்த்தேன்; லாரி திரும்பிப் போன பிறகும் இரண்டு மூன்று நொடிகள் நீர் வளையம் விட்டுக்கொண்டிருந்தது.

மாதுங்கா_மழை எழுதியது:

அப்படியானால் ஐயா முதலில் சொன்னது இங்கே உயிர்பெறுகிறது. காந்தம் தரையைத் தடுக்காது. தடுப்பு பீடத்துக்கு அடியில்தான் இருக்க வேண்டும். ஆர்ம், பிளாட்டர், மோட்டார் மூன்றும் சேர்ந்து அசைந்தால் ஊசிக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வழிகள் உள்ளன. சுமைதாங்கும் சுவரில் இரும்புக் கோணங்கள் அடித்து அதன்மேல் வைப்பது ஒன்று. உங்கள் பீடத்தின் எடைக்கு அஞ்சினால், தடித்த கடப்பாக்கல் ஒன்றின் கீழே ஸ்கூட்டர் டியூபை வைத்து, கல் தரையை விட்டு எழும்பும் அளவுக்கு மட்டும் காற்றடிப்பது மற்றொன்று. டியூபைத் திணறத் திணற நிரப்பினால் அது ரப்பர் கட்டையாகிவிடும். மாதம் ஒருமுறை காற்றையும் கல்லின் சமமட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் இதிலுள்ள தொல்லை. என் வீட்டில் ஏழு ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கிறது.

அல்சூர்_மாடிவீடு எழுதியது:

எல்லாம் முடித்துவிட்டு எழுதுகிறேன். வளையம் மூன்று பித்தளைத் தகடுகளின்மேல் ஒட்டப்பட்டு ஒரு வாரம் ஆகிறது. செப்புத் தட்டும் கிளாம்ப்பும் இல்லாமல், நேற்று காலை 27 டிகிரியில் அளந்தேன்: சன்னல் பக்கம் 8.5, மற்ற இரண்டு பக்கமும் 8.6 மி.மீ. முன்பு நூலைக் கழற்றிவிட்டு 33⅓ வேகத்திலிருந்து கைவிட்டால் 2 நிமிடம் 10 நொடியில் பிளாட்டர் நின்றுவிடும். இப்போது 5 நிமிடம் 40 நொடி ஓடுகிறது. புஷ்ஷில் தட்டல் இல்லை, ஆகவே அதைத் தொடவில்லை. கண்டென்சரையும் மாற்றியாயிற்று.

பட்டு நூலில் முதலில் போட்ட முடிச்சு டிக் அடித்தது. என் அம்மா மல்லிகைச் சரம் கட்டும் கையால் போட்டுக் கொடுத்த முடிச்சு அடிக்கவில்லை. தக்கை மேட் போட்டபின் ஊசி அழுத்தம் வெளிவட்டத்தில் 2.5, உள்வட்டத்தில் 2.55 கிராம். ஸ்கூட்டர் டியூபுக்குப் பிறகு லாரி போனாலும் கிண்ணத்து நீர் அசைகிறது, ஆனால் ஒலிபெருக்கியில் கேட்பதில்லை. உறுமல் போய்விட்டது, ஆலாபனைக்கு முன்னால் பாடகர் மூச்சை இழுப்பது கேட்கிறது, அத்துடன் இந்தியப் பதிப்புத் தட்டுகளுக்கே உரிய அந்தச் சடசடப்பும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது.

செப்புத் தட்டு 2.2 கிலோ, கீறல் இல்லாமல் இருக்கிறது. சாதாரணப் பேரிங் உள்ள டர்ன்டேபிள் வைத்திருப்பவர் யாருக்காவது வேண்டுமானால் அல்சூருக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். பீன்யா தம்பி வரும் ஞாயிறு மாலை வருகிறார். அன்றைக்கு வந்தால் காபியும் உண்டு.